பதினேழாம் நம்பர் ரத்தம்

உக்கிரபாண்டி குடித்துக் குடித்தே செத்தார் என்றுதான் ஆலடிபட்டியில் சொல்வார்கள். அவர் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை என்பது அவருடைய மகள் ரேணுகாதேவிக்குத் தெரியும். முப்பத்தெட்டு வயதில் வரப்பில் நடக்கும்போது அவருக்குக் கால் தடுமாற ஆரம்பித்தது. அடுத்த வருஷம் நாக்கு குழறியது. அதற்கடுத்த வருஷம், தட்டிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் கை ஆடி, சோறெல்லாம் மடியில் சிந்தியது. ஒருமுறை திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை ஒரு போலீஸ்காரர் ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். விடியக் காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்று அவர் திட்டியதற்குப் பதில் சொல்ல உக்கிரபாண்டியால் முடியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் அதுவும் குடிகாரன் பேச்சு மாதிரியே வந்தது. எண்பத்தொன்பதில், நாற்பத்தாறு வயதில் செத்துப்போனார்.

அவருடைய தங்கை வெள்ளைத்தாய்க்கு அதே தள்ளாட்டம் வந்தபோது, கடைசிப் பிள்ளைப்பேற்றில் சீதளம் கண்டுவிட்டது என்றார்கள். அவர்களுடைய அப்பாவும் கடைசியில் அப்படித்தான் கிடந்தார்; அவர் பனையிலிருந்து விழுந்தவர். மூன்று பேருக்கும் மூன்று காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்கள் இருந்தவரை மற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

ரேணுகாதேவி அருப்புக்கோட்டையில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வெள்ளத்துரை நடத்திய ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அப்பா போனபிறகு தம்பி மாரீஸ்வரனையும் அம்மாவையும் அவள் சம்பளம்தான் தாங்கியது. தன் கல்யாணத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, வீட்டிலும் யாரும் வற்புறுத்தவில்லை. தம்பி லைசென்ஸ் எடுத்து, அருப்புக்கோட்டைக்கும் நரிக்குடிக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் டிரைவரானபோது அவளுக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது.

அந்த வருஷம், தொண்ணூற்றாறு பங்குனியில், டாக்டர் ராம்குமார் அவளைத் தேடி வந்தார். வெள்ளைத்தாய் அத்தையை மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். அவர் மூலமாகக் கேள்விப்பட்டு, ராம்குமார் சென்னையிலிருந்து காரில் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். குடும்பத்தில் யார் யாருக்குத் தள்ளாட்டம் வந்தது என்று கேட்டுக் கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் கண்டவர்களைப் பேனாவால் கறுப்பாக அடைத்தார். தாத்தா, அப்பா, அத்தை, திருச்சுழியில் இருந்த பெரிய தாத்தாவின் மகன் என்று கறுப்பு மேலிருந்து கீழே இறங்கி வந்தது.

"இது குடியும் இல்ல, சீதளமும் இல்லம்மா. எல்லாம் ஒரே நோய். ரத்தத்துல இறங்கி வருது. மரபணுவுல ஒரு இடத்துல ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்து நீண்டுபோயிருது. நோய் உள்ளவங்க பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வரலாம்" என்றார்.

பாதிப் பேர் என்பது அன்றைக்கு அவள் காதில் ஏறவில்லை. அப்பா குடிக்கவில்லை என்று படித்த ஒருவர் வாயால் கேட்டதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அதை ஒரு தாளில் எழுதித் தருவார்களா என்று கேட்டாள். எழுதித் தரலாம், மருந்தே வரலாம் என்றார் அவர். அவருடைய கம்பெனிக்கு அமெரிக்காவில் தலைமை இருந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களின் ரத்தத்தைச் சேகரித்து, அதில் பிழை எங்கே இருக்கிறது, சிலருக்குச் சீக்கிரமும் சிலருக்குத் தாமதமாகவும் வருவதை எது தீர்மானிக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அந்தக் கண்டுபிடிப்பை மருந்துக் கம்பெனிகள் வாங்கும். பத்து வருஷத்துக்குள் மாத்திரையாக வரும்.

அவள் ஒத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்தக்காரர் வீடுகளுக்கு நடையாய் நடந்தாள். கையெழுத்து வாங்க வேண்டிய தாள் நான்கு பக்கம், முழுக்க இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு அவள் அதை வாசித்துப் பார்த்தாள். மூன்றாம் பக்கத்தில், கொடுக்கும் ரத்தமும் அதிலிருந்து எடுப்பதும் அதில் கண்டுபிடிப்பதும் கம்பெனிக்கே சொந்தம், கம்பெனி அதை யாருக்கும் மாற்றிக் கொடுக்கலாம், முடிவுகளை ரத்தம் கொடுத்தவருக்குத் தெரிவிக்க மாட்டோம் என்று இருந்தது. இதைச் சொல்ல வேண்டுமா என்று ராம்குமாரிடம் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னால் பயந்துவிடுவார்கள், முக்கியமானதைச் சொல்லுங்கள் என்றார். மருந்து வரும் என்பதே முக்கியம் என்று அவளாக எடுத்துக்கொண்டாள்.

முதல் ரத்தம் வெள்ளைத்தாய் அத்தையுடையது. மல்லாங்கிணற்றில், கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே ஆடுகிற கையை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தாள். சித்தப்பா ஆண்டிச்சாமி முதலில் மறுத்தார். எங்கள் ரத்தம் எதற்கு வெளிநாட்டுக்காரனுக்கு என்றார். அத்தை கொடுத்துவிட்டாள் என்று கேட்டதும் சட்டையைக் கழற்றினார். பிறகு ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஆலடிபட்டி பஞ்சாயத்து டி.வி. ரூமில் இருபத்தேழு பேர் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். காரியாபட்டியிலும் மல்லாங்கிணற்றிலும் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் ஐம்பத்தெட்டுப் பேர். ஊதா மூடி போட்ட குழாய்களில் பெயர் எழுதக்கூடாது, நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யார் என்பதை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டை ராம்குமார் கேட்கவில்லை. பெயர் தெரியாமல் இருப்பதுதான் கம்பெனிக்கு நல்லது என்றார். அவள் பதினாறு, தம்பி பதினேழு.

"பஸ்ஸுக்குத்தான் நம்பர் உண்டு, இப்ப டிரைவருக்கும் வந்திருச்சு" என்று மாரீஸ்வரன் சிரித்தான்.

கடைசிப் பெட்டியை ஐஸ் வைத்துக் கட்டி, மதுரை விமான நிலையத்துக்கு அனுப்பிய நாளில் ராம்குமார் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அன்று கொஞ்சம் கூடுதலாகவே பேசினார். மூன்று தலைமுறை ஒரே தாலுகாவுக்குள் கலையாமல் கிடைப்பது அபூர்வம், இந்த மாதிரிக் குடும்பத்துக்காக வெளிநாட்டில் கம்பெனிகள் வரிசையில் நிற்கின்றன, இது லேசுப்பட்ட சரக்கு இல்லை என்றார். சரக்கு என்ற சொல்லை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் விருதுநகருக்கு ஏற்றுவதற்கு முன் மல்லி மூட்டையில் குத்தூசி விட்டு நாலு விதையைக் கையில் தட்டிப் பார்க்கும் புரோக்கர்களின் ஞாபகம் அவளுக்கு வந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டாள்.

இரண்டு வருஷம் ஒரு தகவலும் இல்லை. மல்லாங்கிணற்றுக்குப் போகும்போதெல்லாம் அத்தை மருந்தைப் பற்றிக் கேட்பாள். கேள்வி வாயிலிருந்து வந்து முடிவதற்கு வரவர அதிக நேரம் ஆனது. அப்பாவைப் பற்றி எழுதித் தருவதாகச் சொன்ன தாளும் வரவில்லை. இதற்கிடையில் மாரீஸ்வரனுக்குப் பெண் பார்த்து நிச்சயமும் முடிந்தது. பெண் காரியாபட்டி, தங்கச்செல்வி. அவளுடைய அப்பா பால்பாண்டி அங்கே உரக்கடை வைத்திருந்தார். தை மாதம் கல்யாணம்.

தொண்ணூற்றெட்டு ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, பரிசோதனை நிலையத்தின் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு கவர் வந்தது. சென்னை ஆபீசுக்குப் போக வேண்டியது. அனுப்பியவர்கள் பழைய ரத்தப் பெட்டியின் மேல் இருந்த விலாசத்தைப் பார்த்து இங்கே அனுப்பியிருந்தார்கள். வெள்ளத்துரை பிரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் அவளிடம் நீட்டினார். இரண்டு தாள். ஒன்று முதல் ஐம்பத்தெட்டு வரை நம்பர், ஒவ்வொரு நம்பருக்கும் எதிரே இரண்டு எண்கள். அவ்வளவுதான்.

அவள் உள்ளறைக்குப் போய் நோட்டை எடுத்தாள். ஒன்றாம் நம்பர், அத்தை: இருபத்தொன்பது, ஐம்பத்தாறு. நான்காம் நம்பர், ஆண்டிச்சாமிச் சித்தப்பா: இருபத்தெட்டு, முப்பது. சித்தப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயது, இன்றைக்கும் மம்பட்டி பிடிக்கிறார். நோய் வந்து உயிரோடு இருந்த மற்ற இரண்டு பேரையும் பார்த்தாள். இருவருக்கும் ஒரு எண் முப்பதை ஒட்டியும், இன்னொன்று ஐம்பதுக்கு மேலும் இருந்தன. எழுத்து நீண்டுபோயிருது என்று ராம்குமார் சொன்னதன் அர்த்தம் அப்போது அவளுக்குத் தெரிந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அப்படியே கிழித்துப் போட்டிருக்கலாம் என்று பிற்பாடு பலமுறை நினைத்தாள். ஆனால் கை தாளைப் புரட்டிவிட்டது.

பதினாறு: இருபத்தொன்பது, முப்பது. பதினேழு: இருபத்தொன்பது, ஐம்பத்துமூன்று.

அதற்குப் பிறகு மற்றவர்களையும் பார்த்தாள். இன்றைக்கு நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தவர்களில் பதினொரு பேருக்கு அந்த நீண்ட எண் இருந்தது. அதில் இளையவளுக்குப் பத்தொன்பது வயது.

மழையோடு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சென்னைக்குப் போன் போட்டாள். ஆபீஸில் யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. மதுரை நரம்பு டாக்டரிடம் கேட்டு ராம்குமாரின் வீட்டு நம்பரை வாங்கி, நான்காம் நாள் பிடித்தாள். கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டது, சென்னை ஆபீசை மூடிவிட்டார்கள், தான் வேறு இடத்தில் இருப்பதாகச் சொன்னார். அவள் கவரைப் பற்றிச் சொன்னாள். அது உங்கள் கைக்கு வந்திருக்கவே கூடாது, கிழித்துவிடுங்கள், தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை என்றார்.

"மருந்து என்னாச்சு டாக்டர்?"

"புதுசா வாங்கினவங்க இந்த நோயை எடுத்துக்கலைம்மா. உலகம் பூராவும் சேர்த்தாலும் நோயாளிங்க கொஞ்சம் பேர்தான். மருந்து செஞ்சா விக்கிறதுக்கு மார்க்கெட் இல்லைன்னு விட்டுட்டாங்க. சுகர், பிரஷர் பக்கம் போயிட்டாங்க."

"அப்ப எங்க ரத்தம்?"

"அது பத்திரமா இருக்கு. கம்பெனியோட சேர்த்து அதையும்தான் வாங்கியிருக்காங்க. நாளைக்கு வேற யாராவது கேட்டா அவங்களுக்குக் குடுப்பாங்க."

அவர் மன்னிப்பும் கேட்டார். உண்மையாகவே கேட்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது. அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

வெள்ளத்துரை இதற்குள் விஷயத்தை ஒருவாறு ஊகித்துவிட்டார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். எந்தப் பொருளுக்கு எங்கே ஆள் இருக்கிறது என்று அவருக்குச் சட்டென்று தெரியும். வீட்டுக்கு வீடு பெண்ணும் மாப்பிள்ளையும் பார்க்கிறார்கள், ஜாதகத்துக்குக் கொடுப்பவர்கள் இதற்குக் கொடுக்கமாட்டார்களா, நல்ல ரத்தம் என்று ஒரு சர்டிபிகேட் அடித்துக் கொடுத்தால் என்ன என்றார். கவர் தன் நிலையத்துக்கு வந்தது என்பதையும் சொல்லிக்காட்டினார்.

"தாளு ஒங்களது அண்ணாச்சி. நோட்டு என்னோடது" என்றாள் ரேணுகாதேவி. அன்றைக்கே நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

ஆனால் அவர் வாயை அவளால் கட்ட முடியவில்லை. பத்து நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, பால்பாண்டி நிலையத்துக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை. மற்றவர்கள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகும்வரை பெஞ்சில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தாயி, ஒங்க அப்பாவப் பத்தி ஊருல நாலு விதமாச் சொன்னாக. நான் காதுல போட்டுக்கல. மாப்பிள்ள நல்ல பிள்ள. ஆனா இப்ப வேற ஒண்ணு சொல்றாக. ஒரே பொம்பளப் பிள்ளயப் பெத்து வச்சிருக்கேன். நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், நான் வேற யாருகிட்டயும் கேக்க மாட்டேன்."

பொய் சொல்வதற்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. எதிரே நின்றவர் அவளை அப்படியே நம்பியிருப்பார். "அது எந்தம்பி ரத்தம் மாமா. அவனக் கேக்காம நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ரெண்டு நாள் குடுங்க" என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவள் பாதியைச் சொல்லிவிட்டாள் என்று இருவருக்குமே தெரிந்தது. அவர் தலையாட்டிவிட்டுக் குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் திருச்சுழி பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். மாரீஸ்வரனுடைய வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. கண்டக்டர் சாப்பிடப் போயிருந்தார். அவன் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான். அவள் பின்படி வழியாக ஏறி, அவனுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால்தான் அங்கே உட்கார்ந்தாள். கவர் வந்தது, எண்கள், போன், பால்பாண்டி வந்தது எல்லாவற்றையும் சொன்னாள். அவனுடைய நம்பரை மட்டும் சொல்லவில்லை. உனக்குத் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்று நீதான் சொல்ல வேண்டும் என்றாள்.

அவன் திரும்பவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒண்ணுமில்லன்னா நீ சிரிச்சுக்கிட்டே முன்படியில ஏறி வந்திருப்ப" என்றான் கடைசியில்.

அவள் அழுதாள். "ஒனக்கு?" என்று கேட்டான் அவன்.

"இல்ல."

"சரி. ஒருத்தராச்சும்" என்றான். அதற்குள் கண்டக்டர் வந்துவிட்டார். நரிக்குடி வண்டிக்கு நேரமாகிவிட்டது. அவன் வண்டியை எடுத்தான். அவளும் இறங்காமல் நரிக்குடிவரை போய்த் திரும்பி வந்தாள். வழியெல்லாம் கண்மாய்களில் செம்மண் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அவன் எங்கேயும் வேகமாகப் போகவில்லை.

காரியாபட்டிக்கு அவனே போனான். அக்கா வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டான். பால்பாண்டியின் குடையைக் கொடுத்துவிட்டு, இருப்பதை இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். தங்கச்செல்வி கதவுக்கு உள்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவன் எழுந்தபோது அவள் வெளியே வந்து, இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று மட்டும் கேட்டாளாம். பத்துப் பன்னிரண்டு இருக்கலாம் என்றானாம். அவள் வேறு ஏதோ சொல்ல வந்திருக்கிறாள். அதற்குள் அவள் அம்மா உள்ளே கூட்டிப்போய்விட்டாள். நிச்சயம் முறிந்தது. அடுத்த வைகாசியில் அவளைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தார்கள்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. ரத்தம் கொடுத்த குடும்பம் என்றே பேர் ஆகிவிட்டது. அந்த மாசியிலும் பங்குனியிலும் இன்னும் இரண்டு கல்யாணங்கள் நின்றன. அதில் ஒன்று ஆண்டிச்சாமியின் மகளுடையது. சித்தப்பாவின் எண் சுத்தம், ஆகவே மகளுக்கும் ஒன்றும் வராது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்கத் தயாராக இல்லை. சித்தப்பா நிலையத்து வாசலில் நின்று, நாலு பேர் பார்க்க, எங்கள் ரத்தத்தை எடுத்துக் கொடுத்து எங்களை விற்றுவிட்டாய் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆலடிபட்டிக்குப் போய், எல்லாரையும் அதே டி.வி. ரூமுக்கு வரச் சொன்னாள். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். நான்கு பக்கத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் பக்கத்தில் இருந்ததை அன்றைக்குச் சொல்லாமல் விட்டேன் என்று சொன்னாள். மருந்து வராது என்றும் சொன்னாள். இன்னொருவருடைய எண்ணை யாருக்கும் சொல்லமாட்டேன், தன்னுடையதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறவர்கள் மட்டும் தனியாக வந்து கேளுங்கள் என்றாள். யாரும் திட்டவில்லை. ஒரு பெண் தன் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலில் வெளியேறினாள், பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள். அதற்குப் பிறகு ஐம்பத்தெட்டுப் பேரில் நான்கு பேர்தான் வந்து கேட்டார்கள். மற்றவர்கள் அவளைத் தெருவில் கண்டால், தங்கள் எண் அவள் முகத்தில் எழுதியிருப்பதுபோல வேறு பக்கம் பார்த்தார்கள். வெள்ளத்துரையிடம் வேலையை விட்டுவிட்டு, விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள்.

வெள்ளைத்தாய் அத்தையிடம் சொல்வதைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். சித்திரையில் ஒருநாள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள். அத்தைக்கு அப்போது பேச்சு முக்கால்வாசி போயிருந்தது. காதை வாயருகே கொண்டுபோய்த்தான் கேட்க வேண்டும்.

"அந்த ரத்தம் இன்னும் இருக்காத்தா?"

"இருக்கு அத்த. ஐஸுக்குள்ள வச்சிருக்காக."

"நான் செத்தப்புறமும் இருக்குமா?"

"இருக்கும்."

"யாரு வீட்டுல?" என்று கேட்டாள் அத்தை.

கம்பெனியின் புதுப் பெயர்கூட ரேணுகாதேவிக்குத் தெரியாது. அத்தை அந்த ஆனியில் போய்ச் சேர்ந்தாள்.

மாரீஸ்வரன் அந்த வருஷக் கடைசியில் ஸ்டீயரிங்கை விட்டான். அவனுக்கு ஒன்றும் வந்திருக்கவில்லை, இருபத்தேழு வயதுதான். ஆனாலும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவன் வந்த பிறகு விடுகிறேன் என்று இருக்கக்கூடாது என்றான். முதலாளி நல்லவர்; காரணம் கேட்காமல் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டுக்கொடுத்தார். காக்கிச் சட்டையோடு, விசிலும் நோட்டுமாக, ஒவ்வொரு வண்டியையும் நேரம் பார்த்து அனுப்புவான்.

சனிக்கிழமைகளில் விருதுநகரிலிருந்து ரேணுகாதேவி வருவாள். இருவரும் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள். அவன் முன்னால் நடக்கும்போது அவள் பார்வை தன்னை அறியாமல் அவன் குதிகாலுக்குப் போய்விடும். செருப்பு நேராகப் படிகிறதா, ஒரு எட்டு அகலமாக விழுகிறதா என்று எண்ணிக்கொண்டே வருவாள். ஒருநாள், ரயில்வே கேட்டைத் தாண்டியதும் அவன் நின்று திரும்பினான்.

"காலப் பாக்காதக்கா. பாக்கணும்னா மூஞ்சியப் பாரு" என்றான்.

அவள் சரி என்றாள். பைகளில் ஒன்றை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, அவனுக்குப் பக்கத்தில் வந்து, அவன் நடைக்கு நடை சேர்த்து நடந்தாள்.